மூச்சைப் பிடித்திருப்பவள்

டாக்டர் ஞானசிகாமணி மாற்றலாகிப் போகையில்
எடுத்துப்போக மறந்த படம்.
எக்ஸ்ரே அறைக்கு வெளியே
தீயணைப்பு வாளிக்கு மேலே தொங்குகிறது.
இத்தாலியில் எவனோ வரைந்ததாம். இது நகல்தான்,
பாளையங்கோட்டை வெயிலில் ஓரங்கள் நீலம் பாரித்துவிட்டன.

மண்டியிட்ட பெண். பருத்த தோள்.
நெற்றியை ஒரு கை தாங்க
மறுகைக்கு அடியில் மண்டையோடு.
இடப்பக்கம் எங்கிருந்தோ வெளிச்சம்
கழுத்துவரை வந்து, மடியில் இறங்காமல் நிற்கிறது.
மிச்சமெல்லாம் இருட்டு.
உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றாய் வரும்:
பாதி இறங்கிய மணற்கடிகை,
கவராயம், காய்ந்த தூரிகைகள்,
கட்டிப்போட்ட நாய்.

"தலைவலியா இருக்கும்" என்றார் சேரன்மகாதேவிக்காரர்,
தன் தலையைப் பிடித்தபடி.
மதலேன் மரியாள் என்று சிலுவை போட்டாள் ஒருத்தி.
வார்டுபாய் பேச்சிமுத்துவுக்கு நாய் மேல்தான் விசாரம்:
"சவத்துக்கு யாராச்சும் சோறு வச்சாங்களா பாருங்க."
மேலப்பாளையத்து மைதீன் பாத்து,
பீடி சுற்றியே விரல்நுனி தேய்ந்தவள்,
மணற்கடிகையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.
"ஆயிரம் பீடிக்கு இத எத்தன தடவ கவுக்கணும்?"

டாக்டர் சொல்லியிருக்கிறார்:
மண்டையோடு என்றால் சாவு, மணல் என்றால் காலம்,
கவராயம், அளக்க முடியாததை அளக்கப்போன அறிவு.
எல்லாவற்றுக்கும் பதவுரை உண்டு,
அந்தக் கை மண்டையோட்டில் இருக்கும் விதத்துக்குத்தான் இல்லை.
காய்ச்சல் பிள்ளையின் தலையில்
இரவு மூன்று மணிக்கு, சூடு இறங்கிற்றா என்று
வைத்து, எடுக்க மறந்த கை அது.

நாளைக்குப் பத்து மண்டையோடாவது பார்க்கிறவள் நான்.
வெளிச்சப் பெட்டியில் செருகினால்
எல்லோருக்கும் ஒரே சிரிப்பு.
என்னுடையதையும் ஒருமுறை எடுத்துப் பார்த்தேன்,
ஆடிக் காற்று கதவை அடித்துக்கொண்டிருந்த மத்தியானம்.
வலி எதுவும் இல்லை.
இல்லாத ஒன்று எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான்.
ரிப்போர்ட்: இயல்பு.

நேற்று கரண்ட் போனது.
ஜெனரேட்டர் எழும்பும்வரை
ஜன்னலிலிருந்து ஒரு கீற்று, இடப்பக்கமாகவே,
பெஞ்சில் இருந்தவர்கள் மேல் விழுந்தது:
ஒரு கட்டைவிரல், மாவுக்கட்டு,
முக்காட்டின் ஓரம், மைதீன் பாத்துவின் மூக்கு.
மிச்சமெல்லாம் இருட்டு.
யாரும் பேசவில்லை.

கரண்ட் வந்தது. அவளை உள்ளே நிறுத்தி
வழக்கம்போல் சொன்னேன்:
மூச்ச நல்லா இழுங்க.
அப்படியே பிடிங்க. அசையாதீங்க.
விடலாம் என்று வாயெடுத்தபோது
கதவிடுக்கில் மற்றவள் தெரிந்தாள்.
நானூறு வருஷம்.
பிடி என்று சொன்னவன்
கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டான்.

"ஏளா, விடட்டுமா?" என்றாள் மைதீன் பாத்து,
திணறி.