ஐந்நூற்று ஐம்பத்தேழு

சிலிக்கான் வில்லையின் முதுகில்
கடுகைவிடச் சிறிய தங்கப் பொட்டு.
நடுவிலிருந்து நெளிந்து நெளிந்து வெளியே போகும்;
ஒவ்வொரு நெளிவும் முந்தியதைவிடச் சற்றே அகலம்.
உயர்ந்த அதிர்வெண் நடுவிலேயே இறங்கிக்கொள்ளும்,
தாழ்ந்தது ஓரம்வரை பயணம் செய்யும்,
டவுனிலிருந்து சாட்ஸ்வர்த் போகிற பேருந்து மாதிரி.

தங்கம் உள்ள இடமும் இல்லாத இடமும் ஒரே வடிவம்.
நாற்பத்தைந்து பாகை திருப்பினால்
ஒன்று மற்றொன்றின்மேல் உட்காரும்.
அதனால்தான் முந்நூறு கிகாஹெர்ட்ஸிலும் தொள்ளாயிரத்திலும்
அதே நூற்றாறு ஓம்.

காகிதத்தில்.

அளந்தபோது கோட்டில் ஒரு பல் விழுந்திருந்தது,
ஐந்நூற்று ஐம்பத்தேழில்.
எழுநூற்று ஐம்பத்திரண்டில் இன்னொன்று.

நான்கு மாதம்.
நெளிவுகளின் நுனியை மழித்தேன்.
இரவெல்லாம் கணினி அதை
லட்சம் முக்கோணங்களாகக் கொத்தியது.
புதுச் சில்லு வந்தது.
பல் அதே இடத்தில் விழுந்தது.
"வடிவமைப்புப் பிழை" என்று தொடங்கும் கடிதம்
அனுப்பாமல் கிடந்தது.

பிப்ரவரி. மின்வெட்டு, நான்காம் கட்டம்.
கிளென்வுட் மேட்டில் மாலை ஆறுக்கு எல்லாம் அணைந்தது.
யுபிஎஸ்ஸின் தயவில் அளவி மட்டும் ஓடியது.
ஏசி நின்ற அறையில் சட்டை முதுகோடு ஒட்ட,
சிபொங்கிலே ஜன்னலைத் திறந்தாள்.
டீசலும் உப்புமாகத் துறைமுகக் காற்று உள்ளே வந்தது.

திரையில்
பள்ளம் ஆழமாயிற்று.

தங்கப் பொட்டுக்கு ஜன்னலைத் தெரியுமா?
"மூடு" என்றேன். "திற." "மூடு."
அவள் என்னைப் பார்த்த பார்வையை
இங்கே எழுத வேண்டாம்.

நீராவி.
பாடப்புத்தகத்தில் முதல் சில பக்கங்களிலேயே கிடக்கிற எண்.
ஆன்டெனாக்காரிக்கு
ஆன்டெனா தவிர எதுவும் கண்ணில் படாது.
கேட்டதைக் கேட்டபடியே சொல்லிக்கொண்டிருந்தது அது:
இடையிலுள்ள நாற்பது சென்டிமீட்டரில்
கடல் நிற்கிறது என்று.
நான்தான் அதன் வாயைத் தைக்கப் பார்த்தேன்.

அடுத்த வாரம் நைட்ரஜன் உருளை வந்தது.
உலர்ந்த பெட்டிக்குள் கோடு முனகாமல் ஓடியது.
சந்தையில் வாங்கிய கறிவேப்பிலைக் கொத்திலிருந்து
ஓர் இலையைக் கிள்ளிப் பாதையில் வைத்தாள் சிபொங்கிலே.
புள்ளி புள்ளியாக நாற்பது நிமிடம்.
நடுநரம்பு கறுப்பு. கிளைகள் கறுப்பு.
நுனியில் மட்டும் ஒரு வெளுப்பு,
கண்ணுக்கு இன்னும் பச்சையாகத் தெரிகிற இடத்தில்.

கடிதத்தை அழித்தேன்.
பழைய சில்லையும் புதுச் சில்லையும்
ஒரே டப்பாவில் போட்டு வைத்தேன்.
எது எது என்று எழுத மறந்துவிட்டேன்.