பத்தொன்பது புட்டிகள்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
இங்கே போட்டவர் எவரும் அளக்கவில்லை.
அளக்கிற வேலை ட்ரஹோமீராவுக்கு வந்தது,
தெற்கு பொஹீமியாவில், மாதம் இரண்டு வியாழன்,
பழைய ஸ்கோடாவின் பின்னிருக்கையில்
ஐஸ் பெட்டி, பத்தொன்பது புட்டிகள்,
யாரோ மறந்துபோன ஒற்றைக் கையுறை.

முதல் புட்டி ஊற்றில்.
காட்டுக்குள்ளிருந்து வருவதால் கொஞ்சம் தேநீர் நிறம்,
மற்றபடி ஒளிக்க ஒன்றுமில்லை அதற்கு.

மூன்றாவது, கிலியானின் சோளச் சரிவுக்குக் கீழே.
மே மாத மழையில் இறங்கும் மண்
தனியாகப் போவதில்லை.
துகளுக்குத் துகள் பாஸ்பரஸை
இடுப்பில் தூக்கிக்கொண்டு போகிறது.
"என் மாடுகளை ஏன் முறைக்கிறாய்?
கெண்டைக் குளத்தைப் போய்ப் பார்" என்கிறான்.

போஹுமிரின் குளம் ஐந்நூறு வயது.
கிறிஸ்துமஸ் இரவில் பொரித்த கெண்டை வேண்டுமா,
ஆகஸ்டில் கோதுமை கொட்டியாக வேண்டும்.
அக்டோபரில் மதகு திறந்து மீன் அள்ளுகிற அன்று
சேறும் கிளம்பிவிடும்,
வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மீனை மட்டும் பார்ப்பார்கள்.
"நகரத்துக் கக்கூஸை யாரம்மா கேட்பது?"

நகரத்தில் ஹினெக் இருக்கிறார்,
சுத்திகரிப்பு நிலையத்தில் இரும்பு உப்பு கலக்கிறார்.
இரும்பைக் கண்டால் பாஸ்பரஸ் கையைப் பிடித்துக்கொள்ளும்,
இரண்டும் அடியில் போய் உட்கார்ந்துவிடும்.
"என் குழாயில் லிட்டருக்கு அரை மில்லிகிராம்தான்.
பெருமழை வந்தால் மட்டும்..."
அந்த வாக்கியத்தை அவர் முடித்ததேயில்லை.

ஆய்வுக்கூடத்தில்
சொட்டு மருந்து விட்டுக் காத்திருந்தால் நீலம் எழும்.
சுமை கூடக்கூட நீலம் கூடும்.
ஊற்று நீர் வெளுப்பாகவே நின்றது.
பதினான்காவது, பேனாவில் ஊற்றலாம் போல.

பதினான்காவது எது என்று பட்டியலைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.
எண்பது வீடு, சாக்கடை கிடையாது.
ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு தொட்டி,
அதில் ஒன்று அவள் அப்பா தோண்டியது,
ஓடைப்பக்கம் கவனமாக ஒரு ஓட்டை விட்டு.
மூன்று வருடமாக லாரி கூப்பிடவில்லை,
அந்தப் பணத்தில்தான் முன்னறைக்கு ஜன்னல் மாற்றினார்கள்.

தீயணைப்பு நிலையத்தில் கூட்டம்.
அவரவர் பங்கு சிறியது என்று அவரவர் சொன்னார்கள்,
அது உண்மையும்கூட.
பிறகு அவள் கணக்கைப் படித்தாள்.
அணைக்குள் வருவது பதினெட்டுப் புட்டிகளின் கூட்டுத்தொகை.
ஆகஸ்டில் அணையிலிருந்து போவது அதைவிட அதிகம்.

"அதெப்படி?" என்றான் கிலியான்.

முப்பது மீட்டர் ஆழத்தில்
கோடையில் மூச்சுவிடக் காற்று இல்லை.
காற்றில்லாத இடத்தில் இரும்பு கையை விட்டுவிடும்.
கூட்டுப்பண்ணைக் காலத்தில் கொட்டிய உரமூட்டை,
கலைக்கப்பட்ட சோப்புக் கம்பெனியின் நுரை,
கடன்காரர் செத்த பின்னும் வட்டி மேலே வருகிறது,
பச்சையாக, பெயின்ட் போல, நாற்றத்தோடு.

யாரும் யாரையும் பார்க்கவில்லை கொஞ்ச நேரம்.
பத்து மீட்டர் புல் விடச் சொன்னார்கள்,
கிலியான் எட்டுக்கு ஒப்புக்கொண்டான்.
போஹுமிர் கோதுமையைப் பாதியாக்கினார், மீன் இளைத்தது.
ஹினெக் மழைத்தண்ணீருக்குத் தொட்டி கேட்டு மனுப் போட்டார்,
மனு இன்னும் தலைநகரில் இருக்கிறது.
ட்ரஹோமீரா லாரியைக் கூப்பிட்டாள்.

அடுத்த ஆகஸ்ட். படகிலிருந்து
கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கினாள்.
போன வருடம் நாற்பது சென்டிமீட்டரில் மறைந்தது,
இப்போது நாற்பத்தாறு.
கயிற்றைப் பிடித்த கை பச்சை.

கரையில் உணவுக்கடை ஷார்கா கத்தினாள்:
"என்ன ஆச்சு? எப்போது குளிக்கலாம்?"
தூரம். காற்று வேறு.
தட்டு கூடுதலாய்த் தெரிந்த அளவை
நான்கு விரல் ஒட்டவைத்துக் காட்டினாள்.

"நான்கு வருடமா? சரி!"
ஷார்கா நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட ஆரம்பித்தாள்.
ட்ரஹோமீரா திருத்தவில்லை.
புட்டியின் மூடியைத் திருகினாள்.