நஞ்சு என்று எழுதிய வாளி

ஐஸ்கிரீம் வாளி, ஐந்து லிட்டர்.
பழைய லேபிளைச் சுரண்டிய இடத்தில்
பிரசவ வார்டு ஆயா நீல மையால் எழுதியிருக்கிறாள்:
யோகராணி, 27, டான்டீ லைன், நஞ்சு.
'கொடி' எழுத இடம் போதவில்லை.

எடை முந்நூற்றெண்பது கிராம்.
ஃபார்மலின் கண்ணைக் கரிக்கிறது.
கோத்தகிரியில் ஆனி, மெழுகு உடைகிற மாதம்.
மூன்று மைக்ரானுக்குச் சீவினால்
நாடா வராது, பொடிதான் வரும்.
வெந்நீர்த் தொட்டியில் முதலில்
என் விரல்களைத்தான் மிதக்கவிடுகிறேன்.

அவள் கதை கேஸ் ஷீட்டில் ஒன்பது வரி.
முப்பத்து மூன்றாம் வாரம். ஆறு நாள் காய்ச்சல்.
டைபாய்டு இல்லை, மலேரியா இல்லை, டெங்குவும் இல்லை.
டாக்டர் ஹேமா போஜன்தான் கண்டுபிடித்தார்,
பாவாடை நாடா இறுகும் இடத்தில்
பீடி சுட்டது போல ஒரு கரும்பொருக்கு.
உண்ணிக் காய்ச்சல்.
தேயிலைத் தூரில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று
அவள் இடுப்புக்காகக் காத்திருந்திருக்கிறது.
மருந்து ஏறி இரண்டாம் நாள் சூடு இறங்கியது.
மூன்றாம் நாள் வலி.
பையன். ஒரு கிலோ எண்ணூறு. அழுதான்.

இப்போது லென்ஸுக்குக் கீழே
முதலில் எல்லாம் தோட்டம்தான்,
எதிர் மலையிலிருந்து பார்க்கிற தேயிலைச் சரிவு.
புதர் புதராக நுண்விரல்கள், நடுவே நடைபாதைகள்.
பாதையில் போவது தாயின் இரத்தம்.
அது புதருக்குள் நுழையாது,
உரசிப் போகும், கொடுத்துவிட்டுப் போகும்.
புதருக்குள் இருப்பதெல்லாம் பிள்ளை.
அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது,
உருண்டையாக, நுரை கட்டிய வயிறோடு, நான் தேடுவது.
பாடப்புத்தகத்தில் அதற்கு யாரோ ஒரு டாக்டரின் பெயர்.
நான் வைத்தது: விழுங்கி.

கரு தரித்த பதினெட்டாம் நாளே வந்துவிடுமாம்.
இதயம் துடிக்கத் தொடங்கவில்லை,
கை இல்லை, அழ வாய் இல்லை,
காவலுக்கு மட்டும் ஆள் போட்டாயிற்று.

நஞ்சை விழுங்கித் தொண்டையில் நிறுத்தியவன் கதையை
இங்கே யாரும் சொல்ல வேண்டாம்.
இதற்குத் தொண்டை கிடையாது.
விழுங்கினால் உடம்பு முழுக்க நஞ்சு.
சில கிருமிகளைச் செரித்துவிடும்.
சில கிருமிகள்
அதற்குள்ளேயே பாய் விரித்துப் படுத்துப் பெருகும்.
வாசலில் நின்றவனே திருடனுக்கு வீடாகிவிடுவான்.
கூச்சல் போட்டாலும் ஆபத்து,
அந்தக் கூச்சலிலேயே வலி எழும், நாள் முந்தும்.
பேசாமல் இருந்தாலும்தான்.

எண்ணுகிறேன்.
ஒரு வட்டத்துக்குப் பதினொன்று. இருக்க வேண்டியதைவிட அதிகம்.
எதைத் தின்றன, எதற்கு இடம் கொடுத்தன,
சிவப்பும் ஊதாவும் சொல்லாது.
அதற்கான சாயம் கோயம்புத்தூரில் இருக்கிறது.
அனுப்பலாம்.
பதில் வருவதற்குள் பையன் நடந்துவிடுவான்.

சாயங்காலம் அவளே வந்தாள்,
தையல் வலிக்க, லேப் கதவைப் பிடித்துக்கொண்டு.
"காச்சல் எனக்குத்தானே?
உள்ள அவன் என்ன பண்ணிட்டிருந்தான்?"

தெரிந்தவரை சொன்னேன்.
உள்ளே காவலுக்கு நின்றது உங்க ஆள் இல்லம்மா, அவன் ஆளு.
நல்லா நின்னுச்சா?
தெரியாதும்மா. நிறைய பேர் நின்னிருக்காங்க.

கொஞ்ச நேரம் மைக்ராஸ்கோப்பைப் பார்த்தாள்,
கங்காணி நிறுக்கும் தராசைப் பார்ப்பது போல.
"அப்ப அவனுக்கும் எட்டு நாள் பேர் போடணும்."

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி.
பையனுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை.

ரிப்போர்ட்டில் எழுதினேன்:
விழுங்கு செல்கள் கூடுதல். காரணம் உறுதியில்லை.
கரண்ட் போயிற்று. இருட்டிலேயே வாளியைத் தேய்த்தேன்.
காலையில் பார்த்தால்
யோகராணி போயிருந்தாள், இருபத்தேழு போயிருந்தது.
நஞ்சு மட்டும் அழியவில்லை.
இருக்கட்டும்.
அடுத்து வருவதும் அதுதான்.