நீர்மட்டம்

மைனஸ் ஒன்பது.
கொழும்பில் ஒரு வெள்ளிக்கிழமை
மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே
லேசரால் அதை அழித்தார்கள்.
கடன் மட்டும் அழியவில்லை.

மூன்று வருசம் முத்தையன்கட்டுக் குளக்கட்டில்
வெறுங்கண்ணோடு நின்று
அளவுச்சட்டத்தை அங்குலம் வரைக்கும் வாசித்தேன்.
மழை என் இமையில் விழுந்தது.
புதிதாய் வேலைக்கு வந்த சந்தனத்துக்கு
நான் ஒரு காலத்துச் சோடாமூடிக் கண்ணாடிக்காரி என்பதே தெரியாது.

வான் பாய்ந்து ஓய்ந்த கிழமை
இடக்கண்ணில் ஒரு இலையான்.
கையால் விரட்டினேன்.
பிறகு ஓரத்தில் மின்னல், இடி இல்லாமல்.
மூன்றாம் நாள் காலை
கீழேயிருந்து கறுத்தத் தண்ணி ஏறத் தொடங்கியது.

தொழில்ப் புத்தி விடாது.
எதிரே நின்ற சந்தனத்தில் அளந்தேன்:
பத்து மணிக்கு முழங்கால்,
மதியம் இடுப்பு,
ஓட்டோ வந்து நின்றபோது
அவன் சட்டைப்பைப் பேனையும் தாண்டு போயிற்று.

மாங்குளத்தில் பஸ் மாறி
யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி.
"லேசர் செதுக்கினது யன்னல் கண்ணாடியைத்தான் சுதர்ஜினி,
வீடு அதே நீட்டு வீடு. சுவர் மெல்லிசு" என்றா டொக்டர்.
குளம் எண்டு சொல்லுங்கோ, விளங்கும், என்றேன்.
சிரித்துவிட்டுத் துண்டின் பின்பக்கம் கீறினா:
ஒரு வட்டம், லாடம் மாதிரி ஒரு கிழிசல்,
அதற்குள் நுழையும் அம்புக்குறி.
நான் அறிந்த படம்தான்.
கட்டு உடைய வெள்ளம் வேண்டாம்,
ஒரு நண்டு வளை போதும்.
அடியால் கசிந்து, உரித்துக்கொண்டே போகும்.

உள்ளிருந்த பசையை உறிஞ்சினார்கள்.
கிழிசலைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாய்ச் சுட்டார்கள்,
அதுவும் லேசராம்.
வாயு நிரப்பி, கையில் பச்சைப் பட்டி கட்டி,
குப்புறக் கிட என்று அனுப்பினார்கள்.

ஏழு நாள் சீமெந்து நிலத்தோடு முகம்.
எறும்புகளுக்கு ஒரு ஒழுங்கும் இல்லை என்று அப்போதுதான் கண்டேன்.
பிளேன்ரீ குடிக்க ஒரு உறிஞ்சு குழாய் தேடி
நிரூபன் ஒட்டுசுட்டான் முழுக்க அலைந்தான்.
சந்தனம் வந்தான். செருப்புக் கழற்றிய கால் மட்டும்.
தங்கச்சிக்கு ஹற்றனில் கலியாணம்,
அட்டையை என் முகத்துக்குக் கீழே நிலத்தில் வைத்தான்.
வாயு கரையுமட்டும் மலை ஏறக்கூடாது,
ஏறினால் ஊதிக் கண்ணை நெரிக்கும்.
வன்னி தட்டை.
வாழ்க்கையில் முதல்தரம் அதற்கு நன்றி சொன்னேன்.

எட்டாம் நாள் நிமிர்ந்தால்
கண்ணுக்குள் ஒரு கோடு!
மேலே வேலி, கிளுவை, ஒரு ஆட்டின் கொம்பு.
கீழே தளம்புகிற வெள்ளி.
கண்ணில் எல்லாம் தலைகீழாம்.
உள்ளே தண்ணி ஊற ஊற
எனக்குக் கோடு இறங்குமாம்.
பதினொரு வருசம் மட்டம் பார்த்தவளுக்கு
கோடு இறங்கக் குளம் நிறைவது
இதுதான் முதல்.
தினமும் ஆறு மணிக்குக் கலண்டரின் பின்னால் எழுதினேன்:
பாதி.
பாதிக்கு ஒரு விரல் கீழே.
இன்று காற்று, கோடு ஆடுது.

மாசியில் சந்தனத்தின் போன்.
சிறுபோகக் கூட்டத்தில் ஒரே சண்டை,
அரையடிக்கு எத்தனை ஏக்கர் என்று.
"அக்கா, பதினாலா பதினாலரையா எண்டு போடட்டும்?"
அங்குலத்தைப் பார், என்றேன்
கண்ணை மூடிக்கொண்டு.

கோடு வளைந்து வட்டமாகி
போளையாகி, பயறாகி,
ஒரு காலை முகம் கழுவிவிட்டுப் பார்த்தால் இல்லை.
குனிந்து தேடினேன், தோட்டை தொலைத்தவள் போல.

பங்குனியில் கட்டுக்குப் போனேன்.
வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு சட்டத்தைப் பார்த்தேன்.
பதின்மூன்று அடி.
அங்குலம் நாலு. அந்த நாலு கொஞ்சம் வளைந்து நின்றது,
தண்ணிக்குள் ஊன்றிய தடி மாதிரி.
நீ வாசி, என்றேன்.
நாலு, என்றான் சந்தனம்.
நேரான நாலாய் எழுதினேன்.