ஆய்வு என்றொரு பத்தி

ஆறாம் நிலை மின்வெட்டின்போது
பைன்டவுன் கிடங்கு வாசலில்
இன்வெர்ட்டருக்கு வரிசை நின்றது.
அந்த மாதம்தான் என் கணக்கேட்டில்
ஆய்வு என்றொரு பத்தியைத் திறந்தேன்.
நான்கு மில்லியன் ராண்ட்.
முதலாளி கேள்வியே கேட்கவில்லை.

மாடியறையில் பிரகலாதன் மூட்லி
உப்பில் ஒரு பேட்டரி செய்துகொண்டிருந்தார்.
லித்தியம் எதற்கு, டர்பன் கடலே போதும் என்பார்.
பதினொன்று வீங்கின. அதில் ஒன்று புகைந்து
தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது.
ஊர் இருண்டிருந்தவரை
ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு காசோலை எழுதினேன்.

பிறகு விளக்குகள் நின்று எரியத் தொடங்கின.
நானும்தான் கோயிலில் கற்பூரம் ஏற்றினேன்.
ஜூலையில் ஆர்டர் பாதி.
செப்டம்பரில் பத்தியைச் சுருக்கினேன்.
நவம்பரில் குறுக்கே கோடு போட்டேன்,
ஸ்கேல் வைத்து, நேராக.

சாவியைக் கொடுக்க வந்தவர்
போகிற போக்கில் சொன்னார்:
பன்னிரண்டாவது வீங்கவில்லை.

மாடியேறிப் பார்த்தேன்.
மேசையில் உப்புப் பெட்டி, கம்பி, ஒரு சின்ன பல்பு.
அது எரிகிறதா என்று தெரிந்துகொள்ள
அறை விளக்கை
அணைக்க வேண்டியிருந்தது.