இருபத்துநாலாவது தலை

அரண்மனை வீட்டில் அன்றைக்குப் படப்பிடிப்பு.
ஜெனரேட்டர் வண்டி வாசலை அடைத்து நின்றது.
நுழைவுச்சீட்டு மேசையைக் கால்மடக்கிச்
சுவரில் சாய்த்திருந்தார்கள்.
"நாளைக்கு வாங்க."
நாளைக்கு எனக்கு விழுப்புரம்.

கானாடுகாத்தான் விலக்கில்
வந்த முதல் பேருந்தில் ஏறிக்
கடைசிவரைக்கும் ஒன்று என்றேன்.
"இந்த வண்டிக்குக் கடைசி ரெண்டு இருக்கு சார்.
பள்ளிக்கூடம் உள்ள அன்னைக்கு ஒன்னு,
இல்லாத அன்னைக்கு ஒன்னு."
அன்று சனிக்கிழமை.
பதினாறு ரூபாய்க்கு
இல்லாத நாளின் கடைசி கிடைத்தது.

வழியில் ஓர் ஊர் முழுக்க அவித்த நெல்லின் வாசனை.
அப்புறம் தைலமரம், தைலமரம்,
கல் நட்டுப் பெயர் எழுதிய காலி மனைகள்,
மறுபடி தைலமரம்.
என்னோடு இறங்கியவை
ஒரு தவிட்டு மூட்டையும் அதன் ஆளும்.

ஊருணி வற்றிக் கிடந்தது.
செம்பராங்கல் படிகள் முடிகிற இடத்தில்
மண்வெட்டியும் சட்டியுமாக
இருபத்துமூன்று பேர் வரிசையில் நின்றார்கள்,
யாரோ வந்து கொடியேற்றப் போவதுபோல.
எதிரே மேல்படியில்
போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தாள்
பணித்தளப் பொறுப்பாளர் அடைக்கலமேரி.
மணி பத்தேமுக்கால்.
பதினொன்றுக்குள் படம் ஏறாவிட்டால்
இன்றைக்கு யாரும் வேலைக்கு வரவில்லை என்று அர்த்தம்.

"உங்க போன்ல டவர் நிக்கிதா?"
இரண்டு கோடு நின்றது.
"பாஸ்வேர்டு?"
எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லவேண்டி வந்தது:
அல்வா ஒன்று இரண்டு மூன்று.
"திருநெல்வேலியா நீங்க?" என்றது
வரிசைக் கடைசியிலிருந்து ஒரு குரல்.
சிரிப்பு அடங்க நேரமானது.
அது என் நாயின் பெயர் என்று நான் சொல்லவில்லை.

போனைப் படியில் வைத்துவிட்டு
வெயிலுக்கு ஒதுங்கி அவர்கள் பின்னால் போனேன்.
"சார், கொஞ்சம் தள்ளிருங்க.
நீங்க நின்னா இருபத்திநாலு.
தலை கூடுனா ஒன்றியத்துல இருந்து கேள்வி வரும்."
தள்ளினேன்.
"இன்னும்."
புளியமரம் வரைக்கும் தள்ளினேன்.
நேற்று ஆத்தங்குடியில்
கைக்குழந்தையோடு வந்த ஒரு குடும்பத்தை
இப்படித்தான் இரண்டு தடவை நகரச் சொன்னேன்,
தூண் மட்டும் படத்தில் விழவேண்டும் என்று.

வட்டம் சுற்றியது.
எடுத்து முடித்த பின்னும் யாரும் அசையவில்லை;
போன வாரம் ராக்கு குனிந்ததில்
ஒரு தலை குறைந்து திரும்ப எடுத்தார்களாம்.
வெள்ளாடு ஒன்று வரிசைக்குள் நுழைந்து
சட்டி சட்டியாக மோந்து பார்த்தது.
"ஏறிருச்சு!"
வரிசை உடைந்து ஊருணி முழுக்கச் சிதறியது.

பிறகு அளவு.
"சும்மாதானே நிக்கிறீக, இதைப் புடிங்க" என்று
டேப்பின் நுனியை நீட்டினாள் வெள்ளைச்சி.
சைபர் என் கையில்.
பத்துக்குப் பத்து, ஓர் அடி ஆழம்.
அந்த மூலையில் மட்டும் அடியில் பாறை.
அதுதான் அவளுக்கு வந்த மூலை.
"ரெண்டு விரக்கடை குறையுது,"
எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்,
"கொஞ்சம் தளத்திப் புடிங்க."

நில அளவைப் பாடத்தில்
தொண்ணூற்றிரண்டு வாங்கியவன் நான்.
தளர்த்திப் பிடித்தேன்.
நடுவில் டேப் தொட்டில்போலத் தொங்கியது.
அடைக்கலமேரி அதைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
பத்து என்று எழுதினாள்.

நண்பன் அழைத்தான். அரண்மனை எப்படி?
ஷூட்டிங் என்றேன்.
"அப்ப ஒன்னுமே பாக்கலையா?"
பதில் சொல்வதற்குள் கோடு இரண்டும் போய்விட்டன.

தூக்குச்சட்டி மூடியில் எனக்கும் கூழ் வந்தது,
ஆண்டிச்சி பிட்டுக் கொடுத்த பாதி மோர்மிளகாயோடு.
மற்றப் பாதியை அவள் கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள்.

"ரெண்டு மணிக்கு இன்னொரு படம் ஏத்தணும்,"
என்றாள் அடைக்கலமேரி.
"பஸ்ஸு மூணரைக்குத்தான். இருப்பீகள்ல?"

போனில் பதினொரு சதவீதம்.
திரையின் வெளிச்சத்தைக் குறைத்தேன்.