டால்டாலில் மழை பெய்வதில்லை

மூன்றாவது முறையாக அந்தப் பெட்டியைக்
கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தார் எலியோதோரோ.
"வெளிச்சமான காட்சி வந்தால் போதும், நோல்ஃபா,
படம் ரொட்டிமாவு மாதிரி உப்புகிறது.
செய்தி வாசிப்பவனின் காது இரண்டும்
பெட்டிக்கு வெளியே போய்விடுகின்றன.
அப்புறம் மங்கி
அப்புறம் அவனே இல்லை."

என் மேசையில்
காதுகள் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன.
பிரகாசத்தைக் கூட்டினேன், உப்பவில்லை.
குறைத்தேன், அசையவில்லை.
நாலு பக்கமும் சுருங்கினால் மின்சாரம் வரும் வழியைச் சந்தேகிப்பேன்.
உப்பி மங்கினால்
குழாய்க்குப் போகவேண்டிய பதினாறாயிரம் வோல்ட்
நடுவழியில் களவு போகிறது என்று பொருள்.
முதல் தடவை வால்வை மாற்றினேன்.
இரண்டாம் தடவை டிரான்ஸ்ஃபார்மரையே மாற்றினேன்,
சாந்தியாகோவிலிருந்து பேருந்தில் வந்தது,
பாதிக் காசுதான் வாங்கினேன்.
மூன்றாம் தடவை மாற்ற
மிச்சமிருந்தது நான்தான்.

"உன் கடையில் அது நல்ல பிள்ளை" என்றார்,
"என் வீட்டில் ராத்திரி பதினொன்றுக்குப் பேய்."

மீட்டரையும் திருப்புளியையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு
அன்றைக்கே போனேன்.
வீட்டுக்கும் கடலுக்கும் நாற்பதடி.
சுனில்டா தேநீர் கொடுத்தாள், சர்க்கரை இல்லாமல்.
மூன்று முறை பெட்டியைத் தொட்டவளுக்கு
அது போதும்.

விளக்கை அணைக்கச் சொன்னேன்.
எந்தப் பழுதைத் தேடவும் வெளிச்சம் வேண்டும்,
இதற்கு மட்டும் இருட்டு.
பின்மூடியைக் கழற்றிவிட்டு
மூன்று பேரும் பெட்டியின் முதுகைப் பார்த்து உட்கார்ந்தோம்.
அந்தப் பக்கம் யாரோ பாட, யாரோ கைதட்ட,
எங்களுக்கு எதிர்ச்சுவரில் நீல வெளிச்சம் மட்டும்.

பத்தரை. ஒன்றுமில்லை.
பத்தே முக்கால். சுனில்டா கொட்டாவி விட்டாள்.
பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னே
எலியோதோரோ எழுந்து முற்றத்துக்குப் போய்,
மூடுபனியில் தொங்கிய முக்குளிக்கும் ரப்பர் உடையை எடுத்துவந்து
பெட்டிக்குப் பின்னே ஆணியில் மாட்டினார்,
பல் விளக்குகிற மாதிரி,
யோசிக்காமல்.

முதலில் ஒரு சீறல்.
பிறகு ஒரு வாசம்.
இடி விழுந்த இடத்து வாசம் என்று புத்தகத்தில் போட்டிருக்கும்,
இங்கே இடி விழுந்து யார் பார்த்தார்கள்?
பிறகு குழாயின் தோளில், ரப்பர் மூடியின் விளிம்பில்
ஒரு ஊதா நூல்
எழுந்து, நெளிந்து, ஈரத்தைத் தேடியது.
சுவரில் நீலம் வீங்கி மங்கியது.

கையும் களவுமாக!

வானம் ஒரு சொட்டுத் தராத ஊரில்
தினமும் ராத்திரி ஒரு மனிதர்
கடலைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டியிருக்கிறார்.

"காலை நாலு மணிக்கு
ஈர உடைக்குள் காலை விட்டுப் பார்த்திருக்கிறாயா?" என்றார்.
"இந்த வீட்டில் சூடாக இருப்பது இது ஒன்றுதான்."

இருட்டிலிருந்து சுனில்டா சொன்னாள்:
"நானும் இருக்கிறேன்."

கொஞ்ச நேரம்
சீறல் மட்டும் கேட்டது.

பெட்டியை அணைத்தேன்.
திருப்புளியில் கம்பி கட்டி, மறுமுனையைச் சட்டத்தில் கவ்வவைத்து,
மூடிக்கு அடியில் நுழைத்தேன்: சடக்.
காத்திருந்து மறுபடியும்: சட்.
கண்ணாடி ஒரேயடியாகக் கொடுத்துவிடாது,
கொஞ்சம் ஒளித்துவைத்துக்கொள்ளும்.
தெரிந்தவள்தான் நான்.
ஆனாலும் சாராயத் துணியால் மூடியைத் துடைத்து
துணியில் படிந்த உப்பை அவர்களுக்குக் காட்டுகிற பெருமையில்
மூன்றாம் முறை தொட மறந்து
விரலை விட்டேன்.
முழங்கை சுவரில் போய் இடித்தது.
சுனில்டா சிரித்தாள், வாய்விட்டு,
பிறகு என் கோப்பையில் சர்க்கரை போட்டாள்.

சிலிகான் பசை தடவி மூடியைப் பொருத்துவதற்குள்
அவளே குறட்டால் ஆணியைப் பிடுங்கி
அடுப்புக்கு மேலே அடித்துவிட்டாள்.
எலியோதோரோ ஒன்றும் சொல்லவில்லை,
சுத்தியலைப் பிடித்துக் கொடுத்தார்.

கூலி, பன்னிரண்டு கடல்முள்ளெலிகள்.
வாளியில் முட்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன,
அடியில் இரண்டு விரற்கடை கடல்நீர்.

கடைக்குள் கொண்டுபோகவில்லை.
வாசற்படியிலேயே உட்கார்ந்து
ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றேன்,
விறைத்த விரலை
கொஞ்சம் தள்ளி நீட்டிக்கொண்டு.